ஒரு கோரஸில் பொன்மணி

பொன்மணி அக்காவுக்குப் பாட வராது. இதைச் சொன்னால் அவளுடைய குழுவில் இருக்கும் பிள்ளைகள் என்னை அடிக்க வருவார்கள். வரட்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் நெடுநாளாக மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மைக் சரியாகிவிட்டதா என்று பார்க்கச் சொன்னால் வருகிறவர்களில் பாதிப் பேர் ஹலோ சொல்வதில்லை, பாடுகிறார்கள். அவ்வளவு பேர் பாடிக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அக்காவுக்குச் சுருதி நிற்காது. தாளம் அதைவிட மோசம். ஆனாலும் அவள் பாடியதைக் கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் நல்லசிவம் அண்ணாச்சி பக்கத்துச் சுள்ளிக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவர், படகு ஜெட்டி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். மலையாளம் எழுத்துக்கூட்டாமல் படிப்பார். தமிழ் என்றால் கண்ணைச் சுருக்கிக்கொள்வார். அக்கா நேர் எதிர். முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் மலையாளத்தில் அவளுக்கு ஓடியது விலை சொல்வதும் சண்டை போடுவதும் மட்டும்தான். குழந்தைகள் இல்லை. கோயில் வாசலில் பூ விற்றாள்.

பூ கட்டுகிறவர்களுக்குக் கைதான் வேலை செய்யும், காது சும்மா இருக்கும். என்னிடம்தான் ஒரு பழைய போன் வாங்கினாள். இயர்போனில் ஒன்றைக் காதில் செருகிக்கொண்டு, இன்னொன்றை வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டால் கேட்கட்டும் என்று தோளில் தொங்கவிட்டிருப்பாள். அப்படித்தான் அவளுக்கு ‘நீர்ப்பூட்டு’ கிடைத்தது. கோயம்புத்தூரில் விக்கி, சந்தீப் என்று இரண்டு பையன்கள் சேர்ந்து நடத்தும் இசைக்குழு. படம் கிடையாது, நடிகர் கிடையாது, வீட்டு அறையில் பாட்டுப் போட்டு இணையத்தில் ஏற்றுகிறவர்கள். அவர்களுடைய ரசிகர்களுக்குச் ‘சாவிகள்’ என்று பெயராம். பூட்டுக்குச் சாவி. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா முறைத்தாள்.

சாவிகளின் வாட்ஸாப் குழுவுக்கு அட்மின் அம்ருதா. எறணாகுளத்தில் வேலை பார்க்கும் பாலக்காட்டுப் பெண். புதுப் பாட்டு வரும் நாளில் அவள் கட்டளை போடுவாள்: சத்தத்தை முழுசாகக் குறைக்காதீர்கள், பாதியில் நிறுத்தாதீர்கள், முடிந்ததும் மறுபடி போடுங்கள், ரீல் ஒன்று எடுத்துப் போடுங்கள், கமெண்ட் எழுதுங்கள். முன்பெல்லாம் பாட்டுக் கேட்பவன் காசு கொடுத்து கேசட் வாங்கினால் அவன் வேலை முடிந்தது. இப்போது பாடுகிறவனைவிடக் கேட்கிறவனுக்குத்தான் வேலை அதிகம், அதுவும் சம்பளமில்லாத வேலை. இதை நான் சொன்னால் அக்கா காதில் வாங்கமாட்டாள். கோயில் வாசலில் பூ விற்கும் அத்தனை பெண்களின் போனையும் வாங்கி அதே பாட்டைப் போட்டு வைத்துவிடுவாள். போனில் எழுத வராததால் குழுவில் குரலாகத்தான் பேசுவாள். “பிள்ளைகளா, இன்னைக்கு எல்லாரும் கேட்டாச்சா? கேக்காதவ யாரு?” என்று அவள் அதட்டுவதைக் கேட்பதற்காகவே பிள்ளைகள் கேட்காத மாதிரி நடிப்பார்கள்.

அண்ணாச்சிக்கு இதெல்லாம் வேடிக்கை. “எங்க வீட்டுல ஒரு சூப்பர்ஸ்டார் இருக்கு. சோறு மட்டும் நானே போட்டுக்கிடணும்” என்று ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டு திரிவார்.

பிறகுதான் அந்தக் கோரஸ் வந்தது. ‘நீர்ப்பூட்டு’ பையன்கள் ஒரு புதுப் பாட்டுக்குச் சாவிகளின் குரலையே கேட்டார்கள். ஒரு வரிதான்: “கொஞ்சம் நில்லு, பொழுதே.” அதை எல்லோரும் அவரவர் இடத்திலிருந்து பாடி அனுப்ப வேண்டும், வந்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து பாட்டின் கடைசிப் பகுதியில் வைப்பார்கள். அக்கா நேராக என் கடைக்கு வந்துவிட்டாள். சும்மா வரவில்லை, கையில் பூக்கூடையும் வாழைநாரும்.

“பூவ எதுக்குக்கா கொண்டாந்த?” என்றேன்.

“கை சும்மா இருந்தா எனக்கு வாய் வராது சாயி.”

ஸ்டூலில் உட்கார்ந்து பூ கட்டத் தொடங்கினாள். இயர்போனில் டக் டக்கென்று தாளம் வரும், நாலாவது டக்குக்குப் பிறகு பாட வேண்டும் என்று விளக்கினேன். அவள் கை இரண்டு பூவை வைத்து, நாரைச் சுற்றி முடிச்சை இழுக்கும்போது வாயும் கூடவே திறந்துவிட்டது. நாலாவது டக்குக்கு முன்பே “கொஞ்சம்” வந்துவிட்டது. மறுபடி எடுத்தோம். மறுபடியும் முந்தினாள். கையை நிறுத்திவிட்டுப் பாடச் சொன்னேன், குரலே வரவில்லை. கடைசியில் அவளுக்கே அலுத்துப்போனது.

“இது மதி, போதும். ஆயிரம் பேரு பாடுதாவ, என் ஒருத்திய யாரு கவனிக்கப் போறா? அனுப்பிரு.”

அனுப்பினேன். பாட்டு வந்தபோது அந்த ஆயிரம் பேரில் அவள் ஒருத்தியைத்தான் தனியாகக் கவனிக்க முடிந்தது. எல்லோரும் சேர்ந்து ஆரம்பிப்பதற்கு ஒரு நொடி முன்னால், யாருக்கும் காத்திருக்காமல், ஒரு தென்காசிக் குரல் “கொஞ்சம்” என்று தொடங்கிவிடும். அதற்குப் பிறகு மற்றவர்கள் ஓடிவந்து சேர்ந்துகொள்கிற மாதிரி இருக்கும். விக்கி நேரலையில் பேசும்போது அதைச் சொன்னான். “யாரோ ஒருத்தர் முந்திப் பாடியிருக்காங்க. வெட்டிடலாம்னுதான் பாத்தோம். வெட்டினா பாட்டுல உசிரு இல்ல. அப்படியே வச்சுட்டோம். யாருன்னு தெரியல.” அம்ருதாவுக்குத் தெரிந்தது. குழுவுக்குத் தெரிந்தது. அக்கா அன்று மிச்சமிருந்த பூவையெல்லாம் வந்தவர் போனவருக்குச் சும்மா கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அண்ணாச்சியிடம் அந்த இடத்தை வாரக்கணக்கில் போட்டுக் காட்டினாள். “ஏங்க, இங்ஙன கேளுங்க. இந்தா, இதுதான் நான்.” அவர் காதைக் கொடுத்துவிட்டு, “எல்லாம் ஒரே இரைச்சலாக் கெடக்கு” என்பார். சீண்டுகிறார் என்று நினைத்தோம். உண்மையாகவே அவருக்குக் கேட்கவில்லை. இசை என்பது அவருக்கு ஹாரன் மாதிரி, வேறு யாரோ அடிப்பது.

அடுத்த மழைக்காலத்தில் ஓடை நிறைந்து கோயில் வாசல்வரை தண்ணீர் நின்றது. திருவிழா நேரம், வியாபாரம் விட முடியாது என்று கணுக்கால் தண்ணீரில் நின்றே பூ விற்றாள். காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு பூக் கட்டினாள். எலிப்பனி, நம் எலிக்காய்ச்சல், என்று தெரிந்தபோது கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. எனக்கு இன்னமும் அந்த மாத்திரைகளை நினைத்தால் கோபம் வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை, ஆனால் வருகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அண்ணாச்சி கடைக்கு வந்தார். அக்காவின் போன் அவர் சட்டைப்பையில் இருந்தது.

“அந்தப் பாட்ட வண்டியில கேக்கிற மாதிரி போட்டுத் தா சாயி. அவ எங்ஙன இருக்கான்னு காட்டு.”

காட்டினேன். கேட்கவில்லை என்றார். மறுபடி போட்டேன். கோரஸ் வருவதற்கு முன்னால் விரலைத் தூக்கி, “இப்ப” என்றேன். அந்த “கொஞ்சம்” வந்தது. அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு மேஜைமேல் தலையை வைத்து அழுதார். கடைக்கு வந்தவர்கள் வெளியிலேயே நின்றார்கள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

அதிலிருந்து அந்த ஆட்டோவில் ஒரே பாட்டுதான். பயணிகள் கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அந்த இடம் வரும்போது வேகத்தைக் குறைத்துவிடுவார்; பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தே செத்துப்போவான். குழுவில் அவள் பேசிய பேச்சுகளையெல்லாம் அம்ருதா சேகரித்து அனுப்பியிருந்தாள். அவற்றை அவர் ஒருமுறை கேட்டதோடு சரி. அதைவிடப் பாட்டுதான் வேண்டியிருந்தது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“அதெல்லாம் அவ அன்னைக்குப் பேசுனது. முடிஞ்சு போச்சு. இது அப்படி இல்லடே. இந்நேரம் எங்கயோ ஒருத்தன் போட்டிருப்பான்லா? அங்க அவ இப்பம் பாடுதா.”

பாட்டுக்குக் கீழே ஓடும் எண்ணிக்கையைத் தினமும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஏறியிருந்தால் அன்றைக்கு ஒரு சாயா கூடுதலாகக் குடிப்பார். வியூஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்; ஆனால் அவருக்காக அந்த எண் ஏற வேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன்.

அக்கா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிற நேரத்தில் அம்ருதா ஸ்டாண்டுக்கே வந்தாள். அண்ணாச்சி அவளைக் கடைக்கு அழைத்துவந்தார்.

“மாமா, பாட்டுக்குக் கீழ கிட்டார் வாசிச்சவா பேர் இருக்கு, படம் வரைஞ்சவா பேர்கூட இருக்கு. அக்கா பேர் மாத்திரம் இல்லை. நாங்க எல்லாரும் சேர்ந்து கேக்கலாம்னு இருக்கோம். நீங்க சம்மதிச்சா மதி.”

“கேட்டாக் குடுப்பாங்களாம்மா?”

“எல்லாரும் ஒரே நாள் கமெண்ட்ல எழுதினா குடுத்துத்தானே ஆகணும்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதே மனசுக்குள் இடித்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது பொய். நியாயமான காரியமாகத்தான் பட்டது. “பேரு இருக்கட்டும்” என்றார் அவர். “ரேஷன் கார்டுலயும் வோட்டர் லிஸ்ட்டுலயும் அவ பேர வெட்டியாச்சு. ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்.”

சாவிகள் இறங்கினார்கள். பாட்டுக்குக் கீழே பொன்மணி, பொன்மணி, பொன்மணி என்று ஆயிரக்கணக்கில் விழுந்தது. கோயில் வாசலில் அவள் பூ கட்டுகிற பழைய வீடியோவை அந்தக் கோரஸோடு சேர்த்து ரீலாகப் போட்டார்கள். மலேசியாவிலிருந்து ஒருவர் அழுதுகொண்டே பேசினார். இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் ஜெட்டியில் அண்ணாச்சிக்கு யாரோ சால்வை போட்டார்கள். அவர் அதை ஆட்டோவின் பின்சீட்டில் விரித்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தக் கோரஸில் பாடிய வேறு ஆட்கள் கிளம்பினார்கள். நானும்தான் பாடினேன், என் பேர் எங்கே என்றார்கள். ஒருவர் பேர் மட்டும் போதுமா, வருமானத்தில் பங்கு எங்கே என்று வக்கீல் வைத்துப் பேசினார். இதற்குள் அந்தப் பாட்டைச் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி படத்துக்காக வாங்கியிருந்தது. பாட்டைப் போட்டது அந்த இரண்டு பையன்கள். இப்போது அவர்கள் கையில் எதுவும் இல்லை. பெயர் தெரியாத ஆயிரம் குரல்களை வைத்துக்கொண்டு நாளைக்கு யார் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்களோ என்று கம்பெனி பயந்தது. அம்ருதாவிடம் விக்கியே பின்னால் இதைச் சொல்லி வருத்தப்பட்டானாம்.

ஒருநாள் காலையில் அண்ணாச்சி போனைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு சாயி. அவ வரல.”

ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. என் போனில் போட்டேன், கடைக் கம்ப்யூட்டரில் போட்டேன். அதே பாட்டு, அதே படம், கீழே அதே எண்ணிக்கை. கோரஸ் வரும் இடத்தில் எல்லோரும் நாலாவது தட்டுக்குப் பிறகு, ஒன்றாக, மிகச் சரியாகத் தொடங்கினார்கள். கூலிக்கு வந்து பாடிய நல்ல பாடகிகள். சாவிகளின் குரல் மொத்தமும் போயிருந்தது. கேசட்டில் வந்த பாட்டை யாரும் வீடு வீடாக வந்து மாற்றிவைக்க முடியாது. இதில் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு விரலை வைத்தால் உலகம் முழுக்க மாறிவிடுகிறது, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியில் புதிதாக ஒரு வரி இருந்தது. “பொன்மணியின் நினைவாக.” அதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, “பேரக் கேட்டேன், குடுத்துட்டாவ” என்றார். “ஆளத்தான் எறக்கி விட்டுட்டாவ.”

அன்று மத்தியானமே அம்ருதா ஓடிவந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பழைய பாட்டை யாரோ சேமித்து வைத்திருந்தார்களாம்; வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். இணையத்தில் யார் ஏற்றினாலும் கம்பெனி உடனே எடுத்துவிடுகிறது, ஆனால் மாமாவின் போனில் வைத்துக் கேட்கலாம், யாரும் அழிக்க முடியாது என்றாள். நான் போனில் ஏற்றி, ஓடவிட்டேன். “கொஞ்சம்” என்று அக்கா முந்திக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி முழுதும் கேட்டார்.

“நல்லதும்மா. இருக்கட்டும்” என்றார். அம்ருதாவின் தலையில் கைவைத்தார். “நீ அழாத. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. ஆனா அவ என் பாக்கெட்டுல கெடக்கதுக்காப் பாடுனா? வீட்டுல எனக்கு மட்டும் பாடுனப்ப நான் எங்க கேட்டேன். அவ ஊரோட சேந்து பாடணும்னுதானே ஆசப்பட்டா.”

பிறகு என் பக்கம் திரும்பி, கம்பெனிக்கு ஒன்று எழுதச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: எங்களுக்குப் பெயர் வேண்டாம், பணமும் வேண்டாம், பெயரை எடுத்துவிட்டுக் குரலைத் திரும்ப வையுங்கள். கையெழுத்துப் போட்டு வேண்டுமானாலும் தருகிறேன் என்று கடைசியில் சேர்க்கச் சொன்னார். அனுப்பிய உடனே பதில் வந்துவிட்டது. “உங்கள் அன்புக்கும் பங்கேற்புக்கும் நன்றி. எங்கள் அடுத்த வெளியீட்டுக்காகக் காத்திருங்கள்.” எந்த மனிதனும் எழுதாத பதில். அதை அவருக்கு எப்படிப் படிப்பது என்று தெரியாமல், நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

படம் வந்தது. பாட்டு எங்கே பார்த்தாலும் ஒலித்தது. எறணாகுளம் பிராட்வேயில் துணிக்கடைகளில், கல்யாண மண்டபங்களில், பஸ்ஸில். பூக்காரியின் கதை அதோடு சேர்ந்து பரவியது. குரலை மாற்றியது சாவிகளுக்குத் தெரியும். அவர்கள் எழுதி எழுதிப் பார்த்தார்கள். புதிதாக வருகிறவர்கள் நூறு பேர் என்றால் அதைச் சொல்பவர் ஒருவர், யார் கண்ணிலும் படவில்லை. விவரத்தில் பெயரைப் பார்க்கிறவர்கள் கோரஸ் வரும் இடத்தில், யாரோ ஒரு பாடகி கொஞ்சம் உயர்த்திப் பாடுகிற இடத்தைக் குறித்து, இதுதான் அந்த அம்மாவின் குரல் என்று எழுதுகிறார்கள். கேட்டவுடன் அழுகை வந்துவிட்டது என்கிறார்கள். அதற்குக் கீழே நானும், நானும் என்று நீண்டுகொண்டே போகிறது. பெயர் தெரியாத ஒரு பெண்ணின் குரலுக்குப் பொன்மணி என்று பெயர் வைத்து ஊரே அழுகிறது. அண்ணாச்சிக்கு அதை நான் படித்துக் காட்டவில்லை.

ஆனால் அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. போன வாரம் ஜெட்டியில் இரண்டு பெண்கள் அவர் ஆட்டோவில் ஏறியிருக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள், ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். அண்ணாச்சி இப்போது வண்டியில் எதுவும் போடுவதில்லை. அவர்கள்தான் போனில் அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். கோரஸ் வந்ததும் ஒருத்தி முன்னால் எட்டி, போனை அவர் காதருகே நீட்டினாளாம்.

“அண்ணா, இத கேட்டிருக்கீங்களா? இந்தக் குரல் இருக்குதுங்களே, இது உங்க ஊரு அம்மாதான். பூ வித்துட்டிருந்தவங்களாம். இப்ப உசுரோட இல்லீங்க. எப்பக் கேட்டாலும் எனக்கு அழுகையா வந்துருது.”

கண்ணாடியில் பார்த்தாராம். நிஜமாகவே அந்தப் பெண்ணின் கண் நிறைந்திருந்ததாம்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்ல? அவளுக்காகத்தானே அந்தப் பிள்ள அழுதா” என்றார். “நல்லாப் பாடியிருக்காவன்னு சொன்னேன்.”